அந்த வார்த்தையை யாரும் அச்சடிக்கவில்லை

தம்பி,

நேற்று நீ போனை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கோபத்தில் வைத்திருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். "சரிம்மா, உடம்பப் பாத்துக்க" என்று ஏதோ நோயாளியிடம் பேசுவதுபோல் பேசிவிட்டு வைத்தாய். அதற்கு முன் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அது வேற, இது வேறம்மா. ரெண்டையும் எதுக்கு முடிச்சுப் போட்ட?" போனில் நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் பேசுவாய், லைன் அறுந்துபோகும், கடைசியில் சாப்பிட்டாயா என்று கேட்டு முடித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நீ படித்துவிட்டு அங்கே இருக்கும் உங்கள் தமிழ்ச் சங்கத்துக்காரர்களிடமும் கொடு. அம்மாவைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள் என்று உன்னிடம் சொன்னார்களே, அவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். இன்னொரு பிரதியை இங்கே ஒரு பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். போட்டால் போடட்டும்.

சின்னவர் என்று நம் ஊரே கூப்பிடும் பெரிய பண்ணையின் மகனை இந்தக் கடிதம் முழுவதும் 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். அறுபது வயதானவரை அம்மா இப்படி எழுதுகிறாளே என்று நீ சங்கடப்படலாம். இத்தனை வருஷமும் வாயால் 'அவங்க' என்றும் 'நீங்க' என்றும்தான் சொல்லி வந்திருக்கிறேன். பள்ளிக்கூடக் கொடியேற்றத்துக்கு அவன் வந்தபோதெல்லாம் தலைமை ஆசிரியை என்ற முறையில் எழுந்து நின்று வணக்கம் சொல்லியிருக்கிறேன். கையால் எழுதும்போதாவது எனக்குச் சரியென்று படுவதை எழுதிக்கொள்கிறேன்.

நீ படிக்கப் போன நாட்டில், அந்த ரயிலில் சில பையன்கள் உன்னை அடித்த செய்தி முதலில் எனக்கு டிவியில்தான் வந்தது. நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய், உன் ரூம் பையனுக்கு என் நம்பர் தெரியவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து உன் அத்தை ஓடிவந்து டிவியைப் போடச் சொன்னாள். உன் காலேஜ் அடையாள அட்டைப் படம் திரை முழுக்க இருந்தது. அந்தப் பையன்கள் உன் தோலைப் பற்றி என்ன சொன்னார்கள், உன் சாப்பாட்டு வாசனையைப் பற்றி என்ன சொன்னார்கள், எந்த வார்த்தை சொல்லி உதைத்தார்கள் என்று எல்லாவற்றையும் கீழே எழுத்தாக ஓட்டினார்கள். சேனலை மாற்றினால் அங்கேயும் அதே வார்த்தை. உன் உதட்டில் எத்தனை தையல் என்பதுகூட எனக்கு டிவி சொல்லித்தான் தெரியும். அந்த இரவு நான் எப்படி இருந்தேன் என்பதை எழுத மாட்டேன், அது உனக்கே தெரியும்.

மறுநாளிலிருந்து வீட்டில் கூட்டம். ஊர்த்தெருவிலிருந்து ஆட்கள் வாய்க்கால் பாலத்தைத் தாண்டி நம் தெருவுக்குள் வந்தார்கள். உன் அப்பா இறந்தபோது பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்று துக்கம் கேட்டுவிட்டுப் போனவர்கள் அவர்கள். என் பள்ளிக்கூடத்து நிர்மலா டீச்சர் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நம்ம பிள்ளைங்கள நெறம் பாத்து அடிக்கிறானுங்களே டீச்சர், அவனுங்க வெளங்குவானுங்களா?" என்றாள். உண்மையாகத்தான் அழுதாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பதினோரு வருஷமாக என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடும் அவள், என் டப்பாவிலிருந்து ஒரு வாய் ஊறுகாய்கூட எடுத்ததில்லை. வயிறு சரியில்லை என்பாள். அன்றைக்கு அவள் 'நம்ம பிள்ளைங்க' என்று சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது. நீ நம்ம பிள்ளையாக ஆவதற்கு அவ்வளவு தூரம் போய் உதை வாங்க வேண்டியிருந்தது.

பிறகு ஒரு சேனல்காரப் பெண் வந்தாள். சின்னப் பெண், நல்லவள்தான். உன்னைப் பற்றிக் கேட்டாள், சொன்னேன். பிறகு உன் தாத்தாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள், கேமராவும் ஓடியது. கரண்ட் போய்விட்டதால் முந்தானையால் முகத்து வேர்வையைத் துடைத்துத் துடைத்துப் பேசினேன். ராத்திரிச் செய்தியில் நான் முகத்தைத் துடைப்பதை மட்டும் காட்டினார்கள், பின்னால் வயலின் இசை போட்டு. மகனை நினைத்துக் கதறும் தாய் என்று எழுத்து. நான் கதறவில்லை. அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து, "நான் எங்கப்பாவப் பத்திச் சொன்னது எங்கம்மா?" என்று கேட்டேன். "அது வேற ஸ்டோரிம்மா. இப்ப இதுதான் போயிட்டிருக்கு" என்றாள். அதே செய்தியில் எனக்கு அடுத்தபடியாக அவன் வந்தான். கட்சிக் கரை வேட்டியும் துண்டுமாக, நம் தெரு முனையில் நின்றுகொண்டு, "எங்க ஊருப் பிள்ளைய நெறத்தச் சொல்லி அடிச்சிருக்காங்க. மனுசத்தன்மை உள்ளவன் செய்யிற காரியமா இது?" என்றான். குரல் தழுதழுத்தது. நான் டிவியை அணைக்கவில்லை. விளம்பரம் முடிந்து அதை மறுபடி போட்டார்கள், மறுபடியும் பார்த்தேன்.

உன் தாத்தா பக்கிரிசாமி செத்த கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறாய். கூலிச் சண்டையில் செத்தார் என்று உனக்குத் தெரியும். உனக்கு அப்படிச் சொன்னவள் நான்தான், அப்போது உனக்கு அது போதும் என்று நினைத்தேன். முழுவதையும் இப்போது கேள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அது. குறுவை அறுப்பு. மழை வருகிற மாதிரி வானம் கறுத்துக் கிடந்தது, கதிர் தலை சாய்ந்துவிட்டது. செங்கொடிச் சங்கம் கூலி நெல்லில் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருந்தது. சென்னையில் புது ஆட்சி, உழைக்கிறவனுக்கு நல்ல காலம் என்று மேடை மேடையாகப் பேசிக்கொண்டிருந்த நேரம். சுற்று வட்டாரத்துப் பண்ணைகள் முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டன. பெரிய பண்ணை மட்டும் மசியவில்லை. நில உச்சவரம்புச் சட்டம் வந்ததும் வயலை எல்லாம் சமையல்காரன் பேரிலும் கணக்குப்பிள்ளை மச்சான் பேரிலும் எழுதி வைத்துவிட்டு, அதே வயலில் அதிகாரம் செய்துகொண்டிருந்தார்கள். நம் ஆட்கள் அறுக்க மாட்டோம் என்றதும் லாரியில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். உன் தாத்தாவும் இன்னும் சிலரும் வயலுக்குள் இறங்கி, கொடிக் கம்பை நட்டுவிட்டுக் கதிருக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையில் நம் தெரு ஆட்கள் மட்டும் இல்லை. ஊர்த்தெருவைச் சேர்ந்த கூலிக்காரர்கள் இரண்டு பேரும் நின்றார்கள். இதை நீ மறக்கக் கூடாது, நான் சொல்லப்போகிற எல்லாமே இதில்தான் இருக்கிறது.

நான் அப்பாவுக்குக் கஞ்சித் தூக்கு கொண்டுபோயிருந்தேன். வரப்பில் நின்றேன். அவன் மோட்டார் பைக்கில் வந்தான். திருச்சியில் காலேஜ் முடித்துவிட்டு அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தான். பின்னால் ஒரு டிராக்டர் நிறைய ஆட்கள். வயலைப் பார்த்து முதலில் அந்த இரண்டு பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "அண்ணே, நீங்க ரெண்டு பேரும் வெளிய வந்துருங்க. உங்களுக்கும் எனக்கும் சண்ட இல்ல. அப்புறமா பேசிக்கலாம்" என்றான். அண்ணே என்றான், தம்பி. என் காதால் கேட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பிறகு வரப்பேறி என் பக்கத்தில் வந்து நின்றார்கள். அவர்கள் கேட்டதும் அதே கூலிதான், பிடித்திருந்ததும் அதே கொடிதான். அவர்கள் வெளியே வந்த பிறகு உன் தாத்தாவைப் பார்த்து அவன் அந்த வார்த்தையைச் சொன்னான். அதை நான் இங்கே எழுத மாட்டேன், எழுதினால் என் கையெழுத்தில் அது இருக்கும். நம் சாதியின் பெயர், அதோடு நாய், அதோடு என் பாட்டியைச் சேர்த்து ஒன்று. அதைச் சொல்லிக்கொண்டேதான் கொடிக் கம்பைப் பிடுங்கி அடித்தான். ஒரு அடிக்கு ஒரு தடவை சொன்னான். அப்பா விழுந்த பிறகு டிராக்டரில் வந்த மற்றவர்கள் அவரைப் பண்ணையின் களம்வரை இழுத்துக்கொண்டு போனார்கள், நெல் அடிக்கிற அந்தச் சாணி மெழுகிய களத்தில் போட்டு மிதித்தார்கள். திருவாரூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோகும் வழியில் அவருக்கு உயிர் போய்விட்டது.

மறுநாள் என் மாமா திருவாரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிடைத்த பேப்பரை எல்லாம் வாங்கி வந்தார். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தெருப் பெண்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருக்க, நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரு பேப்பரில் அறுவடைத் தகராறு, இரு தரப்பினர் மோதல், ஒருவர் சாவு என்று இருந்தது. அடித்தது யார், அடிபட்டது யார் என்று அதில் இல்லை. ஆளும் கட்சி ஆட்களுடைய பேப்பரில் அமைதியான கிராமத்தில் வெளியூர் விஷமிகள் தூண்டிவிட்டார்கள் என்று இருந்தது. சங்கத்துப் பத்திரிகையில் உன் தாத்தாவின் பெயர் இருந்தது, அது ஒன்றில்தான் இருந்தது. வர்க்கப் போரில் ஒரு தோழர் உயிர்த் தியாகம் செய்தார் என்று எழுதியிருந்தார்கள். உன் பாட்டி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "அவன் சொல்லிச் சொல்லி அடிச்சானே, அது போட்டிருக்கா?" என்றாள். இல்லை என்றேன். "நல்லாப் பாரு" என்றாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். எதிலும் இல்லை.

துக்கம் கேட்க வந்த சங்கத்துத் தோழர்கள் நல்லவர்கள். வழக்கு நடத்தியதும், என்னை அரசு ஹாஸ்டலில் சேர்த்ததும் அவர்கள்தான், அந்த நன்றி எனக்குச் சாகும்வரை உண்டு. ஆனால் உன் பாட்டி அதைச் சொன்னபோது, "அம்மா, இது சாதிச் சண்டையாயிடக் கூடாது. கூலிக்கான சண்டைங்கம்மா" என்றார் அவர்களில் பெரியவர். "கூலிச் சண்டைன்னா அந்த ரெண்டு பேரையும் எதுக்குங்க வெளிய கூப்புட்டான்?" என்று கேட்டாள் உன் பாட்டி. கோர்ட்டில் அந்த இரண்டு பேரும் தாங்கள் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று சொன்னார்கள். நான் சின்னப் பெண், என் சாட்சியம் சொல்லிக் கொடுத்ததுபோல் இருக்கிறதாம். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அவனை விடுதலை செய்தார்கள். அந்தச் செய்தியும் பேப்பரில் வந்தது, பொய் வழக்கிலிருந்து மீண்டார் என்று. மாலை போட்டுக்கொண்டு அவன் நின்ற படமும் வந்தது.

அதற்குப் பிறகு ஆட்சி மாறியது, மறுபடி மாறியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவன் வேட்டிக் கரை மாறியது. நம் தெருவுக்கு மனைப்பட்டா வந்தபோது பட்டா கொடுக்கும் மேடையில் அவன் உட்கார்ந்திருந்தான். உன் பாட்டி பட்டாவை அவன் கையிலிருந்து வாங்க மாட்டேன் என்று கீழேயே நின்றுவிட்டாள். பேப்பரில் அன்றைக்கு என்ன வந்திருக்கும் என்று உனக்கே தெரியும். ஏழைகளுக்குப் பட்டா வழங்கிய வள்ளல்.

இவ்வளவும் இருக்கும்போது, டிவியில் அவன் தழுதழுத்ததைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அவன் வீட்டுக்குப் போனேன். "வாங்க டீச்சரம்மா, வாங்க" என்று நாற்காலி போட்டான். காபி வந்தது, குடித்தேன். "தம்பிக்காக ஒரு கண்டனக் கூட்டம் போடணுங்க. நீங்கதான் தலைமை தாங்கணும். டிவில நேரா காட்டுறதா இருந்தா நல்லாருக்கும், நம்ம ஊருக்கும் பேரு" என்றேன். அவன் முகம் மலர்ந்தது. கோயில் அறங்காவலர் குழுத் தலைவர் பதவிக்கு அப்போது அவன் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்தது, இப்படி ஒரு மேடை அவனுக்குத் தேவைப்பட்டது. சேனலுக்கு அவனே பேசி ஏற்பாடு செய்வதாகச் சொன்னான். எங்கே வைக்கலாம் என்று கேட்டான். "உங்க பழைய களத்துலயே வைக்கலாங்க. நல்ல விசாலமான எடம்" என்றேன். நான் சொல்லும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "அங்கேயா? பேஷா வைக்கலாமே. ஷாமியானா போட்டுட்டாப் போச்சு" என்றான். அவன் நடிக்கவில்லை தம்பி. அவனுக்கு நினைவில்லை. எத்தனையோ வருஷமாக என் தலைக்குள் அந்தக் களம் கிடக்கிறது, அவனுக்கு அது ஷாமியானா போடுகிற இடம். அதுவரை எனக்கு லேசாக ஒரு தயக்கம் இருந்தது. அந்த நிமிஷத்தில் அது போய்விட்டது.

கூட்டத்துக்கு ஊரே வந்தது. உன் படத்தைப் பெரிதாக அடித்து, இனவெறியைக் கண்டிக்கிறோம் என்று பேனர் கட்டியிருந்தார்கள். உன் படத்தைவிட அவன் படம் கொஞ்சம் பெரிது. சேனல் வண்டி கூரையில் குடையைக் கவிழ்த்து வைத்ததுபோல் ஒரு தட்டோடு வந்து நின்றது. அந்தப் பெண் என்னிடம் வந்து, "இன்னைக்கு லைவ்மா. பயப்படாம, மனசுல உள்ளதப் பேசுங்க" என்றாள். சரி என்றேன்.

அவன் நன்றாகவே பேசினான். தோலின் நிறத்தை வைத்து ஒரு மனுஷனைக் கேவலமாகப் பேசுகிறவன் எவ்வளவு படித்திருந்தாலும் காட்டுமிராண்டி என்றான். பிறப்பை வைத்து மதிப்பது அந்த நாட்டு வியாதி, நம் மண் சமத்துவத்தின் மண் என்றான். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு என்னிடம் மைக்கைக் கொடுத்தான். நான் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். "எம் மகன என்ன வார்த்த சொல்லி அடிச்சாங்கன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். டிவில தெனமும் சொன்னாங்க. எங்கப்பாவையும் அடிச்சாங்க. இந்தா, இந்த எடத்துலதான் அடிச்சுப் போட்டாங்க. அவர என்ன வார்த்த சொல்லி அடிச்சாங்கன்னு இதுவரைக்கும் எந்தப் பேப்பரும் போடல. சொன்னவங்க இங்கதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவன் பக்கம் திரும்பினேன். "நீங்களே சொல்லிடுங்க. அன்னைக்கு எங்கப்பாவ என்னன்னு கூப்புட்டீங்க?" என்று கேட்டு, மைக்கை அவன் வாய்க்கு நேராக நீட்டினேன்.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. அது முகத்தில் வருவதை நான் அருகிலிருந்து பார்த்தேன், தம்பி. வாயைத் திறந்தான், மூடினான். கூட்டத்தைப் பார்த்தான், கேமராவைப் பார்த்தான். "டீச்சர் புள்ளைய நெனச்சு மனசு ஒடிஞ்சு பேசுறாங்க" என்றான். "நான் நல்லாத்தாங்க இருக்கேன். வார்த்த ஞாபகம் இருக்கா இல்லியா?" என்றேன். நான் மைக்கை எடுக்கவில்லை. நம் தெருப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். வேறொன்றும் செய்யவில்லை, எழுந்து நின்றார்கள். ஊர்த்தெருப் பக்கம் அந்த இரண்டு பேரில் உயிரோடு இருக்கும் ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவன் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மைக்கின் மேல் சொட்டியது. பிறகு யாரோ ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். சேனலின் மைக்கும் கேமராவும் தனி. ஆனால் ஸ்டுடியோவில் இருந்தவர்கள் அதற்குள் விளம்பரத்துக்குப் போய்விட்டார்களாம்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்டாய் அல்லவா? சந்தோஷமாக இருந்தது. வேறு நாகரிகமான வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்து, ரசம் வைத்து, வயிறாரச் சாப்பிட்டேன்.

ராத்திரி அதே சேனலில், கண்டனக் கூட்டத்தில் சாதிப் பேச்சு, பரபரப்பு என்று போட்டார்கள். விவாதம் வைத்தார்கள். நாலு பேர் உட்கார்ந்து, ஒரு தாயின் மன உளைச்சல் என்றார் ஒருவர், அரசியல் சூழ்ச்சி என்றார் இன்னொருவர், இந்த நேரத்தில் இது தேவையா, வெளிநாட்டில் நமக்குக் கெட்ட பேர் இல்லையா என்று கவலைப்பட்டார் மூன்றாமவர். நாலாவது ஆள் ஏதோ சொல்ல வந்தார், அவர் பேசும்போது நேரம் முடிந்துவிட்டது. என்ன நடந்தது, யார் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் நிர்மலா டீச்சர் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். "அது வேற, இது வேற டீச்சர். இப்பப் போயி ஏன் இதக் கௌறுனீங்க?" என்றாள். நேற்று நீ போன் செய்தாய். நீயும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னாய். வரிசைகூட மாறவில்லை. அவளுக்கும் உனக்கும் அந்த வாக்கியத்தைக் கொடுத்தது யார் என்று யோசித்துப் பார். உங்கள் சங்கத்தில் உனக்காக மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள், நீ முதல் தடவை போனபோது எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன செய்தார் என்று தோண்டித் தோண்டிக் கேட்டார்கள் என்று நீதானே எனக்குச் சொன்னாய். அப்புறம் யாரும் உன்னை வீட்டுக்குக் கூப்பிடவில்லை என்றும் சொன்னாய். ரயிலில் உதைத்தவனின் முகம் உனக்கு நினைவிருக்கிறது. இவர்கள் முகத்தையும் நினைவில் வை.

அவனுக்கு வரவிருந்த கோயில் பதவி போய்விட்டது. சேனல் காட்டியது கொஞ்சம்தான், ஆனால் நம் தெருப் பையன்கள் செல்போனில் முழுவதையும் எடுத்திருந்தார்கள். அவன் வாயைத் திறந்து மூடுவது திருவாரூர்வரை போனுக்குப் போன் தாவியது. தேர்த் திருவிழா நேரத்தில் இந்த ஆளைக் கோயில் தலைவராகப் போட்டால் வம்பு என்று மேலிடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். எனக்கும் கல்வி அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது, அரசு ஊழியர் பொது மேடையில் பேசியது குறித்து விளக்கம் கேட்டு. பேசியது உண்மை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன செய்கிறார்களோ செய்யட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் என் வீட்டுக்கு வந்தான். கார் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது, தனியாக நடந்து வந்தான். தெருவே வாசலில் வந்து பார்த்தது. நான் உட்காரச் சொல்லவில்லை. "நான் என்ன செய்யணுங்கிறீங்க?" என்றான். நீங்க என்று சொன்னான். "எல்லாரும் பாக்குற மாதிரி, எங்கப்பா பேரச் சொல்லி, செஞ்சதச் சொல்லுங்க. நீங்களே அந்த டிவியக் கூப்பிடுங்க" என்றேன். "கடைசிப் பொண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கு. மாப்பிள்ளை வீட்டுல ஏற்கெனவே ஒரு மாதிரி பேசுறாங்க. கல்யாணம் முடியட்டும்" என்றான். "எங்கம்மா செத்துப் போயிட்டாங்க, அவங்க இதுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க. உங்களுக்கு நான் காத்துக்கிட்டு இருக்க முடியாது" என்றேன். அவன் கண் கலங்கியது. அதைப் பார்த்து என் மனசு இளகும் என்று எதிர்பார்த்துக்கொண்டு நானே ஒரு நிமிஷம் நின்றேன். இளகவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவன் எவ்வளவு நேரம் நின்றான் என்று நான் பார்க்கவில்லை, தெரு பார்த்தது.

இனி உன் விஷயம். அடித்த பையன்களில் ஒருவனுடைய தாய் உனக்கு வருத்தம் தெரிவித்திருக்கிறாள், அந்த ஊர்ப் பத்திரிகைகள் நீ மன்னிப்பாய் என்று எதிர்பார்த்து எழுதுகின்றன, கோர்ட்டில் நீ பேசும்போது மன்னித்துவிட்டதாகச் சொல்லலாம் என்று இருக்கிறாய் என்றாய். உன்னை ரொம்பப் பெருந்தன்மையான பையன் என்று எழுதுவார்கள். எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். அடிபட்டவன் சீக்கிரமாக மன்னித்துவிட்டால் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் நிம்மதி, தம்பி. அவர்களுடைய நிம்மதிக்கு நீ பொறுப்பில்லை. உன் உதடு, உன் தையல், மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் பாடு. பத்து வருஷம் கழித்து யாரும் பார்க்காத ஒரு நாளில் உனக்கே தோன்றினால் செய்துகொள். கேமரா நிற்கும்போது செய்யாதே. கோர்ட்டில் எழுந்து நின்று உன்னை உதைத்தவன் சொன்ன வார்த்தைகளை அவனைப் பார்த்து ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல். உன் தாத்தாவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

விசாவுக்கு எழுதிப் போட்டிருந்தேன், உன்னிடம் சொல்லவில்லை. வந்துவிட்டது. லீவு தரவில்லை என்றால் சம்பளம் இல்லாத லீவில் வருவேன். வழக்கு நடக்கும் நாளில் நான் அங்கே இருப்பேன். அந்தப் பையனின் தாயும் வருவாள் என்றாய். அவளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் எனக்குப் பிடித்து வை. அவளோடு பேச எனக்கு ஒன்றும் இல்லை. தண்டனையை வாசிக்கும்போது அவள் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

அம்மா